பெட்டிக்குள் உட்கார்ந்த திருப்பதி

செத்துப்போன திருப்பதி, கார்முகில் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டி வந்து கூப்பிட்டால்தான் வெளியே வருவேன் என்று அடம்பிடித்தாராம். போன விஜயதசமியிலிருந்து அறந்தாங்கியில் இதுதான் பேச்சு. டீக்கடையில் ஒரு மாதிரி சொல்கிறார்கள், மீன் மார்க்கெட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள். திரை முழுக்க வெள்ளை எழுத்தாக ஓடியது என்கிறார் ஒருவர். அது எழுத்தே இல்லை, அந்த மனுஷனுடைய மூச்சு என்கிறார் இன்னொருவர். பெட்டி மூன்று தரம் இருமியதாகவும், அறையில் சுருட்டு வாசம் அடித்ததாகவும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேள்வி. திருப்பதி ஆயுசில் சுருட்டைத் தொட்டவரில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் ஷர்லி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பொண்ணு, ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் வைக்கவில்லை, அதனால் வந்த வினை என்று. சந்தனம் வைக்காததால் வந்த வினையா, வைத்ததால் வந்த வினையா என்று கடைசியில் தெரியும். நடந்தது இதையெல்லாம் விடப் பெரிய அதிர்ச்சி. பேய் வந்திருந்தால்கூட ஷர்லி அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

ஷர்லிக்கு வயது முப்பத்தாறு. நாகுடிப் பக்கம் சூசைராஜின் மூத்த மகள். சூசைராஜ் பதினெட்டு வருஷம் குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு, ஒரு டேப் ரெக்கார்டரும் சர்க்கரை வியாதியுமாகத் திரும்பி வந்தவர். மகளை நர்ஸாக்க ஆசைப்பட்டார். மகள் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள். அதனால் புதுக்கோட்டையில் பாலிடெக்னிக், கம்ப்யூட்டர். கல்யாணம் கூடுகிறவரை மூன்று மாசம் சும்மா போய் வரட்டும் என்று கார்முகில் ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. இதுவரை மூன்று மாப்பிள்ளைகள் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேர் கல்யாணத்துக்கும் ஆல்பம் போட்டது ஷர்லிதான். ஒருத்தனுக்கு மூக்கைக் கொஞ்சம் நேராக்கிக் கொடுத்தாள் என்றுகூடச் சொல்வார்கள். அவள் மனசு அப்படி.

ஸ்டுடியோவின் பின்னறையில், கிழிந்த ஃபிளாஷ் குடைகளுக்கு நடுவே, ஒரு கறுப்புப் பெட்டி நிற்கும். அதுதான் சர்வர். எடுக்கிற கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். முன்னறையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களும் அதிலிருந்து படத்தை இழுத்துத்தான் ஆல்பம் செய்யும். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஏன் லினக்ஸ் என்றால், முதலாளி கார்முகில் ஒரே வார்த்தையில் சொல்வார்: "சும்மா கெடைக்குதுல்ல?" பெட்டியை அவர் வாங்கிக் கொடுத்துவிட்டார், ஓட்டக் கற்றுக்கொண்டது ஷர்லி. யூடியூபில் ஒரு வடநாட்டுப் பையன் இந்தியில் சொல்லச் சொல்ல, அவன் பேச்சை விட்டுவிட்டு விரலை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

கெட்டிக்காரிதான். அவளிடம் ஒரே ஒரு கோளாறு. திரையில் எது வந்து "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாலும், படிக்கிறதற்கு முன்னால் விரல் 'செய்' என்று அழுத்திவிடும்.

போன ஆனி மாசம் அந்தப் பெட்டி, புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. முகூர்த்த மாசம். வாசலில் ஆல்பத்துக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஷர்லி அழுத்தினாள். என்னென்னவோ ஓடியது. சிவப்பில் ஒரு வரி ஓடியது மாதிரியும் இருந்தது. கடைசியில், "ஒருமுறை அணைத்துப் போடவும்" என்று வந்து நின்றது. அப்புறம் பார்த்துக்கலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். அந்த 'அப்புறம்' மூன்று மாசத்துக்கு மேல் வரவே இல்லை. இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்டு போனாலும் பெட்டி அணையாது. வருஷத்தில் அது கண்ணை மூடுவது ஒரே ஒரு நாள்தான். ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்குப் பெட்டியை அணைப்பது கார்முகில். வேறு யாரையும் தொட விடமாட்டார். கேமராவிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத்தைப் பன்னீரில் நன்றாகத் தளரக் கரைத்துக்கொள்வார். அப்போதுதான் ஒழுகி அழகாக இருக்குமாம். பெட்டிக்கு மாலை போட்டு, அதன் கீபோர்டுக்கும் நாலு மூலை வைத்து, பூட்டிவிட்டால் மறுநாள் காலையில்தான் திறப்பார். ஷர்லிக்கு அன்றைக்கு லீவு. பொரிகடலை மட்டும் மறுநாள் வந்து அள்ளித் தின்பாள்.

விஜயதசமி காலை ஒன்பது மணி. ஷர்லி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே ஸ்டுடியோ வாசலில் ஒரு வெள்ளைச் சேலை உட்கார்ந்திருந்தது. முத்துமாரியம்மாள். ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொல்லை வைத்திருந்த திருப்பதியின் சம்சாரம். இவர்கள் மகள் புவனேஸ்வரியின் கல்யாணத்தை ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் எடுத்தது இந்த ஸ்டுடியோதான். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த திருப்பதியை, வேனில் படுக்கவைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கால் மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

"நாளைக்குக் கருமாதி தாயி," என்றாள் முத்துமாரியம்மாள். "வைக்கிறதுக்கு அவுக படம் ஒண்ணு இல்ல. ஓட்டு கார்டுல ஒண்ணு இருக்கு, அதுல திருடன் மாதிரி முழிக்கிறாக. அத வச்சா மாமனும் மச்சானும் சிரிப்பாக."

"போன்ல யாரும் எடுக்கலையாம்மா?"

"எங்கிட்டு எடுக்க? ஒருத்தன் குளுக்கோஸ் பாட்டில புடிச்சிருந்தான், ஒருத்தன் தலைய தாங்கியிருந்தான். என் கொழுந்தன் மகன் எடுத்தான். பொண்ணு நகைய எடுத்துவச்சிருக்கான், நகைய."

"கவலப்படாதீங்கம்மா. நம்ம கேமராவுல இருக்கும். பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்தை ஷர்லி வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

பெட்டிக்குச் சூடம் காட்டி, கார்முகில்தான் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. எழுத்து ஓடியது. ஓடிய எழுத்து பாதியில் நின்றது. கடைசி வரியில் ஷர்லியின் கண் போய் நின்றது. கெர்னல் பேனிக். பெட்டியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளே மேலே போக முடியாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். பதினாலு வருஷத்தில் அதைப் பிறத்தியார் வீடியோவில்தான் பார்த்திருக்கிறாள். சொந்தப் பெட்டியில் பார்ப்பது முதல் தடவை.

"என்ன போட்டிருக்கு?" என்றார் கார்முகில்.

"கெர்னல் பேனிக்ண்ணே."

"பேனிக்னா பயம்ல? இதுக்கு என்னத்துக்குப் பயம்? நேத்து மாலையெல்லாம் போட்டேனே."

"அண்ணே, தன்னோட டிஸ்க் எங்கிட்டு இருக்குன்னு அதுக்கே தெரியலங்குது."

கார்முகில் முகம் சுண்ணாம்பு அடித்தது போலாயிற்று. டிஸ்க் என்றால் அவருக்கு விளங்கும். பதினாலு வருஷத்துக் கல்யாணம் அதில் இருக்கிறது.

"அந்தக் கல்யாணத்து மெமரி கார்டு?" என்றாள் ஷர்லி, பதில் தெரிந்துகொண்டே.

"அழிச்சாச்சே. போன வாரம் காதுகுத்துக்குக் கொண்டுபோனேன்ல."

"பேக்கப் டிஸ்க்?"

கார்முகில் ஃபிளாஷ் குடையைப் பார்த்தார், மேலே பல்லியைப் பார்த்தார். "மைக்செட்காரன் கேட்டான். அம்மன் பாட்டு ஏத்திக் குடுத்துட்டேன். நவராத்திரிக்கு மட்டும்னுதான் வாங்கிட்டுப் போனான்."

"அதுல இருந்ததெல்லாம்?"

"அழிச்சாத்தான பாட்டுக்கு இடம் பத்தும்?"

ஷர்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொரிகடலைத் தட்டு அவள் கால் பட்டுக் கவிழ்ந்தது. திருப்பதி என்கிற மனுஷன் பூமியில் சிரித்தாரோ அழுதாரோ, அதற்கு இருந்த ஒரே சாட்சி இந்தக் கறுப்புப் பெட்டி. வாசலில் இருந்த முத்துமாரியம்மாள் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"என்னாச்சு தாயி?"

 கார்முகில்தான் முந்திக்கொண்டு, "பெட்டி கொஞ்சம் பயந்துபோச்சுத்தா. அவரு படம் உள்ள இருக்கு. வெளிய வரத் தயங்குது," என்றார். பின்னால் ஊர் முழுக்கப் பரவிய கதைக்கு வித்துப் போட்ட மகராசன் இவர்தான்.

ஷர்லி எழுந்து பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை பேனிக்குக்கு முன்னால் ஒரு பட்டியல் வந்தது. முதல் தடவை விழுந்துவிட்டதால் பெட்டியே கேட்கிறது: புதுப் பதிப்பில் எழுந்திருக்கட்டுமா, பழைய பதிப்பிலா? ஷர்லிக்கு உயிர் வந்தது. கீழே போகிற அம்புக்குறிக் கட்டையைத் தட்டிப் பழசுக்குப் போனால் போதும். முப்பது நொடி கொடுத்திருந்தது.

தட்டினாள். நகரவில்லை. இருபத்தைந்து. திரும்பத் தட்டினாள். இருபது. ஓங்கி அடித்தாள். பதினைந்து. திரையில் வெளிச்சம் புதுசின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஐந்து, நாலு, மூன்று. பெட்டி தானாகவே புதுசைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஓடி, அதே இடத்தில் விழுந்தது. கெர்னல் பேனிக்.

இப்படி மூன்று தடவை; ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் மற்றக் கட்டைகளையும் படபடவென்று தட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஷர்லி விரலை எடுத்துவிட்டாள். போர்டே போய்விட்டது, சிப்பே போய்விட்டது, பட்டியலைக் காட்டுகிற அளவுக்குத்தான் உயிர் இருக்கிறது, அதுவும் இப்போது அடங்கப் போகிறது என்று நினைத்தாள். புதுக்கோட்டையில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் அடித்தாள். விஜயதசமி, போனை அணைத்துவிட்டுப் பூஜையில் இருந்தார்.

முத்துமாரியம்மாள் இவ்வளவு நேரமும் திரையைப் பார்க்கவில்லை. அவளுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஷர்லியின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏந்தாயி, மத்த கட்டையெல்லாம் உள்ள போயிட்டு வருது. நீ அடிக்கிற கட்டை மட்டும் அசையக் காணோமே."

ஷர்லி குனிந்து பார்த்தாள். அது சின்னக் கீபோர்டு. அம்புக்குறி நாலும் வலது கீழ் மூலையில். அந்த மூலையில் கெட்டியாக, மஞ்சளாக, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டோடு, முந்தின நாள் பன்னீரில் தளரக் கரைத்த சந்தனம். இடுக்கில் இறங்கி, காய்ந்து, சிமெண்டாகி இருந்தது.

"அண்ணே," என்றாள். சந்தனத்தைச் சுட்டிக் காட்டினாள். "நாலு மூலைக்கும் வச்சீங்களா?"

"பின்ன? மூணு மூலைக்கா வைப்பாக?"

முன்னறைக் கம்ப்யூட்டர்களின் கீபோர்டைக் கழற்றலாம் என்று ஓடினாள். அவற்றிலும் நாலு மூலை. இரண்டும் வேலை செய்யவில்லை. கார்முகில் கை தாராளமான கை.

எதிரே செவந்தியின் ஜெராக்ஸ் கடை. செவந்தி ஐம்பது வயசுக்காரி. யார் என்ன ஜெராக்ஸ் எடுக்கிறார்கள் என்பதை வைத்தே யார் வீட்டில் பாகப்பிரிவினை, யார் வீட்டில் விவாகரத்து என்று சொல்லிவிடுவாள். அவளும் பூஜை போட்டிருந்தாள். ஆனால் அவள் சிக்கனக்காரி, கீபோர்டுக்கு ஒரே ஒரு பொட்டு, அதுவும் நடுவில், வெறும் குங்குமம்.

"செவந்தியக்கா, ஒங்க கீபோர்டு அஞ்சு நிமிஷம் குடுங்க."

"பூஜையில வச்ச சாமான வெளிய குடுத்தா லெச்சுமி வெளிய போயிருவா. ஒனக்குத் தெரியாது, நீ சும்மா கேக்குற."

"அக்கா, செத்தவரு படம்க்கா. நாளைக்குக் கருமாதி. அந்தம்மா வந்து ஒக்காந்திருக்கு."

"யாரு செத்தவரு?" செவந்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "முந்திரிக்கொல்லை திருப்பதியா? அவரு படம் அந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு?" ஒரு நிமிஷம் யோசித்தாள். "குடுக்கத்தான் கூடாது. நானே கையில தூக்கிட்டு வந்தா அது குடுத்ததாகாது."

இப்படித்தான், கழுத்தில் கதம்ப மாலை போட்ட ஒரு கீபோர்டை, சாமி புறப்பாடு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செவந்தி ரோட்டைக் கடந்தாள். அவள் வராமலிருந்தால் ஊருக்கு இந்தக் கதை இல்லை.

கீபோர்டை மாட்டினார்கள். ஷர்லி பொத்தானை அழுத்தினாள். பட்டியல் வந்தது. கீழே ஒரு தட்டு. நகர்ந்தது! அவசரத்தில் ஒரு வரி தாண்டிப் போய்விட்டது; மேலே வந்தாள். பழைய பதிப்பில் நிறுத்தினாள். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, இருக்கிற வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

அவள் அப்படி அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் முத்துமாரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டி பயந்திருக்கிறது, அவர் தயங்குகிறார் என்று கார்முகில் சொன்னது மனசில் உட்கார்ந்துவிட்டது. பெட்டிக்கு முன்னால் வந்து, முந்தானையை வாயில் பொத்தினாள், எடுத்தாள்.

"ஏங்க! இங்க ஒருத்தரும் ஒங்கள ஒண்ணும் சொல்லல. கொல்லையத் தம்பி பாத்துக்குறான். புவனா நல்லா இருக்கா. வந்து ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டுப் போங்க!"

அதே நேரம் ஷர்லி அழுத்தினாள்.

விசிறி உறுமியது. எழுத்து ஓடியது, ஓடியது, நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. பெயரைக் கேட்டு, கடவுச்சொல்லைக் கேட்டு, பெட்டி கண்ணைத் திறந்தது. செவந்தி "ஆத்தாடி!" என்று ஒரு கத்துக் கத்தி, தன் கீபோர்டின் மாலையைப் பிய்த்துக்கொண்டு பின்னால் சுவரில் போய் முட்டினாள். அவள் பார்த்தது அவ்வளவுதான்: பெண்டாட்டி கூப்பிட்டாள், பெட்டி திறந்தது. அவளுக்கு வேறென்ன வேண்டும்? ஷர்லி பெட்டிக்குள் படத்தைத் தேடி எடுப்பதற்குள் செய்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது.

ஷர்லி முதல் வேலையாகப் புவனேஸ்வரி கல்யாணத்தை அப்படியே ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டாள். அப்புறம்தான் தேடினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம். திருப்பதி இருந்தது மூன்றில். ஒன்றில் அய்யர் கை முகத்தை மறைத்திருந்தது. ஒன்றில் குளுக்கோஸ் பாட்டில். மூன்றாவதில், மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நொடியில், அட்சதை போடத் தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.

முத்துமாரியம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் திடுக்கிட்டுப்போய் நின்றாள்.

"இவுக சிரிப்பாகளா?" என்றாள். "இருவத்தாறு வருஷம் குடும்பம் பண்ணேன். நான் பாத்ததே இல்லையே."

அந்தப் படத்தோடு அவள் பதினொன்றரை மணி பஸ்ஸில் ஆலங்குடிக்குப் போனாள்.

எல்லாரும் போன பிறகுதான் ஷர்லிக்குப் பெரிய அதிர்ச்சி. ஏன் விழுந்தது என்று பெட்டியின் குறிப்புகளைத் தோண்டினாள். கிளம்புவதற்கு வேண்டியதை வைக்க அதற்குத் தனியாக ஒரு சின்ன இடம் உண்டு. அதில் பழைய பதிப்புகள் ஒன்பது, ஒன்றையும் தூக்கிப் போடாமல், பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கின மாதிரி அடைந்து கிடந்தன. ஆனி மாசம் புதுசு ஏறியபோது இடம் பத்தவில்லை. பாதி ஏறி, பாதியில் நின்றுவிட்டது. "இடம் இல்லை" என்று சிவப்பில் சொல்லியிருந்தது. தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருந்தது. அப்படியே தொடரட்டுமா என்று கேட்டதற்கு அழுத்திய 'செய்'யும் இருந்தது. பாதிப் பெட்டியை மூன்று மாசமாக ஓட்டியிருக்கிறாள். அணைக்காததால் தெரியவில்லை. அந்த அரைகுறை, ஆயுத பூஜைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பழசுகளில் ஒன்றை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டு மீதியைத் துடைத்தாள். புதுசை முழுசாக ஏற்றினாள். இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டு, இரண்டு தடவையும் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அப்புறம் கார்முகிலிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

கார்முகில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிராத. ஊர்ல எல்லாரும் திருப்பதி வந்தார்னு பேசிக்கிறாங்க. நமக்கு என்ன நட்டம்? காலையில இருந்து மூணு பேரு, எங்கப்பா படம் இருக்கா, எங்க தாத்தா படம் இருக்கான்னு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒம்பேரும் கெடாது, கடை பேரும் கெடாது."

ஷர்லிக்கு ஆசைதான். பேய் செய்ததாக இருந்தால் அவள் செய்ததாக இராது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தபோது, செவந்தி பத்துப் பேருக்கு நடுவே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுருட்டு வாசம் வந்துவிட்டது, இருமல் வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. பெண்டாட்டி மேல் அவருக்கு ஏதோ கோபம், அதனால்தான் முதலில் வர மறுத்தார், முத்துமாரி அவரை ஆஸ்பத்திரியில் சரியாகக் கவனிக்கவில்லையாம் என்று புதுசாக ஒரு வால் முளைத்திருந்தது.

பன் பாதி டீயில் விழுந்தது. ஷர்லி எழுந்தாள்.

"செவந்தியக்கா, நிறுத்துங்க. அந்தம்மா மேல அவருக்கு ஒரு கோவமும் இல்ல. அவரு பெட்டிக்குள்ள வரவும் இல்ல, போகவும் இல்ல. ஆனி மாசம் அப்டேட் போட்டது நானு. இடமில்லன்னு செவப்புல எழுதிக் காட்டுச்சு. படிக்காம அழுத்துனதும் நானு. அணைச்சுப் போடுன்னுச்சு, போடல, அதுவும் நாந்தான். அந்தக் கட்டை அசையலன்னு கண்டுபுடிச்சதே முத்துமாரியம்மாதான், அது இல்லாட்டி இன்னைக்கும் நான் அதத் தட்டிக்கிட்டு நின்னுருப்பேன். பேயும் கெடையாது, சாமி குத்தமும் கெடையாது. என் குத்தம். போயி எல்லார்ட்டயும் இதச் சொல்லுங்க."